லயத்து அடுப்பில் இறுகிய புட்டிங்

என்னிடம் புட்டிங் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்ததும் முதலில் கேட்பது, "பட்டர் எவ்வளவுக்கா?" என்பதுதான். ஒரு துளிகூட வேண்டாம் என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. வெண்ணெய் சேராத இனிப்பென்றால் ஏதோ குறை உள்ளது, வாங்க முடியாதவர்கள் செய்துகொண்டது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஈப்போ புந்தோங்கில் இருந்துகொண்டு கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் தீபாவளி விருந்துக்கும் புட்டிங் செய்து கொடுப்பது என் பிழைப்பு. அந்த உரிமையில் சொல்கிறேன்: புட்டிங்கில் வெண்ணெய்க்கு வேலையே கிடையாது.

கேக்கில் இருக்கிறது. வெண்ணெயையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது வெண்ணெய் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் காற்று சூட்டில் விரிந்து கேக்கை எழுப்பும். புட்டிங் எழும்ப வேண்டியதில்லை, இறுக வேண்டும். இறுக்குவதற்கு என் அலமாரியில் மூன்று பொருள்கள் உண்டு: முட்டை, மாவு, கடற்பாசி. நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும் அந்தச் சுகத்துக்குக் கொழுப்பு வேண்டும்தான். அது முட்டையின் மஞ்சள் கருவில் கால் பங்குக்கு மேல் இருக்கிறது. தேங்காயின் முதல் பாலில் இருக்கிறது. டின் பாலிலும் இருக்கிறது. இவை இருக்கும்போது வெண்ணெயைக் கொண்டுவந்து போட்டால் அது உருகி மேலே எண்ணெயாக மிதக்கும். நம் ஊர்ப் பகல் வெயிலில் வெண்ணெய் தட்டிலேயே உருகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா அம்மா இருவருமே பால் வெட்டு. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு நிரைக்குள் இறங்குவார்கள். பால் எடுத்து, நிறுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு அம்மா வீடு திரும்பும்போது மதியம் சாய்ந்திருக்கும். லயத்து வீட்டில் குளிர்ப்பெட்டி கிடையாது. மின்சாரமே எங்கள் வரிசைக்குப் பிந்தித்தான் வந்தது. மாடு வைத்திருந்தவர்கள் வீட்டில் வெண்ணெய் திரண்டால் அது நெய்யாகிச் சாமிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் போகும். அடுப்படிப் பலகையில் எப்போதும் இருந்தவை சீனி, அரிசி மாவு, சவ்வரிசி, ஏலக்காய், டின் பால். கொல்லையில் கோழி. வேலியோரம் பாண்டான் இலை. இவ்வளவையும் வைத்து அம்மா செய்த புட்டிங்கைத்தான் இன்று நான் விற்கிறேன்.

டின் பால் எங்கள் சமையலுக்குள் வந்த கதை நீளமானது. பாலைச் சுண்டவைக்கும் முறைக்கு அமெரிக்காவில் கெயில் போர்டன் 1856-இல் காப்புரிமை பெற்றார். பத்தாண்டுக்குப் பின் சுவிட்சர்லாந்தில் ஒரு கம்பெனி அதையே பெரிய அளவில் செய்ய ஆரம்பித்தது. அந்த ஆங்கிலோ சுவிஸ் கம்பெனி 1912-இல் பினாங்கில் இறங்கியது. இன்றைய நெஸ்லே மலேசியாவின் தொடக்கம் அதுதான். டின்னுக்குள் ஏறக்குறைய பாதி சீனி. அதனால்தான் வெப்ப நாட்டில், குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டிலும் அது கெடாமல் நின்றது. காப்பிக்கும் குழந்தைக்கும் கடையில் கணக்கு எழுதி வாங்கியது. டின் காலியானால் அதுவே அரிசி அளக்கும் படி. கடைக்காரர் கயிறு கட்டி அதில் காப்பி ஊற்றிக் கொடுப்பார். அம்மாவின் புட்டிங் அளவும் அந்த டின்னில்தான்: ஒரு டின் பால், அதே டின்னால் ஒன்றரை டின் தண்ணீர்.

விலை கூடிய பொருள் முட்டைதான். இதை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். வீட்டுக் கோழி இட்ட முட்டையை விற்றால் கையில் காசு. 1950-களில் பேராக்கிலும் பிற மாநிலங்களிலும் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார்கள். தொழிலாளர்கள் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்று சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்து மக்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டிப் பங்கு வாங்கினார்கள். எங்கள் வீட்டுப் பங்குக்குப் போன பணத்தில் முட்டைக் காசும் இருந்தது. அதனால் கைநிறைய முட்டையை ஒரே சட்டியில் உடைத்து ஊற்றுவது என்றால் அது விசேஷ நாளாக இருக்க வேண்டும். அப்படிச் செலவழித்த முட்டை வீணாகக் கூடாது என்பதால் அம்மா அடுப்பை விட்டு நகரமாட்டார். புட்டிங்கில் எனக்குக் கிடைத்த பயிற்சி முழுவதும் அந்தக் காவலில் கிடைத்ததுதான்.

அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் தாய்மாமா. அவர் துரை பங்களாக் குசினியில் எடுபிடி. சமையல்காரர் ஹைனான் சீனர். ஹைனான் மக்கள் மற்றச் சீன வகுப்பாருக்குப் பின்னால் மலாயாவுக்கு வந்தவர்கள். ஈயமும் வியாபாரமும் அதற்குள் பிறர் கைக்குப் போயிருந்தன. அவர்கள் வெள்ளைக்காரர் வீடுகளிலும் கிளப்புகளிலும் சமையலுக்குப் போனார்கள், பின்னால் காப்பிக்கடை வைத்தார்கள். ஆங்கிலேயரின் கஸ்டர்டை அவர்கள் உள்ளூர்க் கைக்குப் பழக்கினார்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் பாண்டானும் சேர்த்துக் கிண்டும் காயாவை ரொட்டிக்கு வைத்தார்கள். அதிலும் வெண்ணெய் கிடையாது. ஈப்போ பழைய நகரத்துக் காப்பிக்கடைகளில் கேரமல் கஸ்டர்ட் இன்றைக்கும் பெயர் பெற்றது. பண்டார் தீமா சாலையில் தியென் சுன் கடைக்குக் கோழிக் குவேத்தியாவ் சாப்பிடப் போகிறவர்கள் கூடவே ஒரு தட்டு கஸ்டர்டும் சொல்லிவிடுகிறார்கள். பங்களாக் குசினி, சீனர் கடை, தமிழர் லயம் என்று மூன்று அடுப்பிலும் ஏறி இறங்கிய பண்டம் இது.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். உலகெங்கும் பழகிய டின் பால் அளவு 14 அவுன்ஸ், அதாவது 397 கிராம். இப்போது நம் கடைகளில் 500 கிராம் டின்தான் அதிகம். ஆகவே டின்னை எண்ணாதீர்கள், தராசில் நிறுங்கள். 400 கிராம் டின் பாலுக்கு 450 மில்லி தண்ணீரோ பாலோ. கடை முட்டை ஐந்து. ஒரு முட்டையின் உள்ளீடு சுமார் 50 கிராம் என்பது கணக்கு. கம்பத்துக் கோழி முட்டை சிறியது, ஏழு வேண்டியிருக்கும். ஒரு சிட்டிகை உப்பு. ஆறங்குல அச்சுக்கு இது போதும். டின்னின் மேல் எழுதியிருப்பதையும் படியுங்கள். இப்போது விற்பதில் பலவும் பாலுக்குப் பதில் செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்புக் கிரிமர். அதிலும் புட்டிங் இறுகும், ஏனென்றால் இறுக்குவது முட்டை. பால் மணம் மட்டும் குறையும். இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடரைத் தண்ணீரில் கரைத்துச் சேர்த்தால் அது திரும்பிவிடும்.

முதலில் கேரமல். 100 கிராம் சீனியை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் போட்டு நடுத்தீயில் வையுங்கள். சீனி கரைந்தபின் கரண்டியை உள்ளே விடக் கூடாது. கிளறினால் மறுபடி மணல் மணலாகத் திரும்பும். சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் போதும். 160 டிகிரியைத் தாண்டும்போது நிறம் மாறத் தொடங்கும், அதன்பின் கண்ணிமைக்கும் நேரம்தான். பால் சேர்க்காத தேயிலையின் நிறம் வந்தவுடன் இறக்கி அச்சில் ஊற்றிவிடுங்கள். அடுப்பை விட்டு இறக்கிய பிறகும் சட்டிச் சூட்டில் அது கறுத்துக்கொண்டே போகும். வெளுப்பில் இறக்கினால் வெறும் தித்திப்பு. ஒரு படி கூடுதலாகப் போனால் கசப்பு எட்டிப் பார்க்கும். அந்தச் சிறு கசப்பு டின் பாலின் தித்திப்பை அடக்குவதால் நான் அந்தப் பக்கமே சாய்கிறேன். வாடிக்கையாளர்களும் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

அடுத்தது முட்டை. அடிக்கக் கூடாது, கலக்க வேண்டும். நுரை வந்தால் அந்தக் காற்றுக் குமிழ் எல்லாம் வெந்தபின் பொத்தலாக நிற்கும். கரண்டியின் பின்புறத்தால் வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகும் வரை கலக்கி, பாலை ஊற்றி, மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். முட்டைக்குள் இருக்கும் வெள்ளை நார் வேகவைத்தாலும் கரையாது, வடித்தால்தான் போகும். மேலே நிற்கும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். வெண்ணிலா எசன்ஸ் போடுகிறவர்கள் போடலாம். பாண்டான் இலை இரண்டை முடிச்சுப் போட்டுப் பாலில் காய்ச்சி ஆறவைத்துக் கலந்தால் முட்டை வாடை தலைகாட்டாது. பால் வெதுவெதுப்பாக இருக்கலாம், சூடாக இருக்கக் கூடாது.

இந்த வேலையின் உயிர் அவிப்பதில் இருக்கிறது. முட்டை வெள்ளை தனியாக இருந்தால் 60 டிகிரியைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும். பாலும் சீனியும் கலந்து நீர்த்தபின் 80 டிகிரிக்கு மேல்தான் இறுகும். 90-ஐத் தொட்டால் திரைந்து நீர் விட்டுவிடும். பத்து டிகிரிக்குள் வாழ்வும் சாவும். ஆவியோ 100 டிகிரி. ஆகவே தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் பாத்திரத்தில் புட்டிங் அச்சை வைத்து மூடிவிட்டுப் போனால் ஓரமெல்லாம் தேன்கூடாகிவிடும். அம்மா இட்டிலிச் சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அச்சை உள்ளே வைத்த மறுகணம் ரப்பர் விறகை வெளியே இழுத்து, தணலை மட்டும் விட்டுவைப்பார். மூடியைத் துணியால் கட்டி, ஒரு பக்கம் விரல் நுழையும் இடைவெளி விடுவார். துணி, மூடியில் சேரும் தண்ணீர் புட்டிங்கில் சொட்டாமல் குடித்துக்கொள்ளும். இடைவெளி, ஆவியின் சூட்டை இறக்கி வைக்கும். சீனர் வீடுகளில் முட்டை அவிக்கும்போது மூடிக்கடியில் ஒரு சாப்ஸ்டிக்கைச் செருகுவதும் இதற்குத்தான். கேஸ் அடுப்பில் நான் செய்வதும் அதே முறை: தீயைச் சிம்மில் வைத்து, மூடியைச் சாய்த்து, முப்பத்தைந்து நாற்பது நிமிடம்.

வெந்ததா என்பதற்கு அம்மாவின் சோதனை ஈர்க்கு. தேங்காய் ஈர்க்கை நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் குத்தி எடுப்பார். ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். நட்ட நடுவில் குத்தவே மாட்டார். நடு இன்னும் லேசாக ஆடும்போதே இறக்க வேண்டும், மீதியை உள்சூடு முடித்துவிடும். ஆறியபின் குளிர்ப்பெட்டியில் ஓர் இரவு. அந்த இரவில் அடியில் கல்லாக இருக்கும் கேரமல், புட்டிங்கின் ஈரத்தை உறிஞ்சித் தானாகப் பாகாக இளகும். காலையில் ஓரத்தில் கத்தி விட்டுத் தட்டில் கவிழ்த்தால் பாகோடு இறங்கும். லயத்துக் காலத்தில் குளிர்ப்பெட்டிக்குப் பதில் தண்ணீர்த் தொட்டியில் அச்சை மிதக்கவிடுவார்கள். மாலைக்குள் சாப்பிட்டும் முடித்துவிடுவோம். முட்டை சேர்ந்தது, வெயிலில் வைத்திருக்க முடியாது.

வடிவத்தைப் பார்த்தால் இது நமக்குப் புதிதும் இல்லை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் நம் முஸ்லிம் வீடுகளில் பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் செய்யும் வட்டிலப்பம் இதே சாதி: முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலக்காய், ஆவி. இலங்கைக்கு அதை மலாய் மக்கள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். நம் நாட்டு மலாய் வீடுகளில் அவிக்கும் செரிகாயாவைப் பார்த்தால் உறவு தெரியும். நான் அதைக் கூலா மலாக்காவில், அதாவது தென்னஞ்சர்க்கரையில், செய்கிறேன். 250 கிராம் கூலா மலாக்காவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, 300 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், ஆறு முட்டை. ஏலக்காயும் ஒரு சிட்டிகை உப்பும் கட்டாயம். கேரமல் தேவையில்லை, தென்னம் பாகுக்கே புகை வாசம் உண்டு. ஈப்போவில் நோன்புப் பெருநாளுக்கு என்னிடம் அதிகம் கேட்கும் புட்டிங் இதுதான்.

முட்டை எல்லா நாளும் ஆகாது. வெள்ளிக்கிழமை விரதம், புரட்டாசி, கோயில் திருவிழா என்றால் மாவுக்குப் போக வேண்டும். மாவுப் புட்டிங்குக்கும் ஒரு வீட்டுக் கதை உண்டு. பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்பவரின் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. மனைவிக்காக 1837-இல் முட்டையே இல்லாமல் சோளமாவில் கஸ்டர்ட் செய்யும் பவுடரை பேர்ட் உண்டாக்கினார். அந்தப் பவுடர் உலகம் சுற்றி நம் மளிகைக் கடைக்கும் வந்தது. பிரித்துப் பார்த்தால் சோளமாவும் வாசனையும் மஞ்சள் நிறமும்தான். 500 மில்லி பாலுக்கு 45 கிராம் சோளமாவு, 60 கிராம் சீனி என்ற கணக்கில் நீங்களே செய்துவிடலாம். மாவைக் குளிர்ந்த பாலில் கரைத்து, காய்ந்துகொண்டிருக்கும் பாலில் ஊற்றி, கை விடாமல் கிளற வேண்டும். கெட்டிப்பட்டதும் இறக்கிவிட்டால் பச்சை மாவு நாறும். குமிழ் வெடித்துக் கொதித்தபின் இன்னும் இரண்டு நிமிடம் வேகட்டும்.

மாவோடு மஞ்சள் கருவும் சேர்க்கிறவர்கள் அந்த இரண்டு நிமிடத்தை விடவே கூடாது. மஞ்சள் கருவில் மாவைக் கரைக்கும் என்சைம் ஒன்று இருக்கிறது. கொதித்தால்தான் அது அடங்கும். அடங்காவிட்டால் இரவு கெட்டியாக இருந்தது காலையில் கஞ்சியாகிவிடும். முட்டைப் புட்டிங்குக்குக் கொதி பகை, மாவு சேர்ந்த புட்டிங்குக்குக் கொதி காவல். இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதால்தான் பல வீடுகளில் புட்டிங் கைகொடுப்பதில்லை. வெண்ணெய் போடாததால் அல்ல.

2022 இறுதியில் நாட்டில் முட்டைத் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். கடையில் ஆளுக்கு இத்தனை என்று அளந்து கொடுத்தார்கள். நாமக்கல்லிலிருந்து முட்டை கப்பலேறி வந்து சேர்ந்ததும் அந்தச் சமயத்தில்தான். ஆர்டர் எடுத்தவர்களுக்கு நான் கைவிரிக்கவில்லை. சோளமாவுப் புட்டிங்கில் தேங்காய்ப்பாலைச் சேர்த்து, மேலே கூலா மலாக்காப் பாகு ஊற்றிக் கொடுத்தேன். முட்டை திரும்பி வந்தபிறகும் அதையே கேட்டு வருகிற வீடுகள் இருக்கின்றன.

சவ்வரிசி இன்னொரு கிளை. வெள்ளைக்காரர் காலத்து மலாயாவில் ஞாயிற்றுக்கிழமை கறிச் சாப்பாட்டுக்குப் பின் பங்களா மேசைக்கு வந்தது சவ்வரிசிப் புட்டிங். மேலே கூலா மலாக்காப் பாகும் தேங்காய்ப்பாலும். அதை மாமா செய்து காட்டியபோது அம்மாவுக்கு அந்நியமாகப் படவில்லை, பாயசத்துக்கு வாங்கும் சவ்வரிசிதானே. கொதிக்கிற தண்ணீர் நிறைய இருக்க வேண்டும். ஒரு கப் சவ்வரிசிக்கு எட்டு கப்பாவது. சவ்வரிசியைத் தூவிக் கிளறி, மணியின் நடுவில் சிறு வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சும்போது அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள், புள்ளி தானே மறையும். சல்லடையில் கொட்டிக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, வடிந்ததும் சிறு கிண்ணங்களில் அமுக்கிக் குளிரவைத்தால் கவிழ்க்கும்படி இறுகும். அலசுவது கூடுதல் பசையைப் போக்க. சீனி சேர்க்க வேண்டாம், பாகு இருக்கிறது. தேங்காய்ப்பாலில் உப்புப் போட மறக்காதீர்கள். உப்பில்லாத தேங்காய்ப்பால் பாகுக்கு முன்னால் வாயடைத்துப்போகும்.

என் பாட்டி மரவள்ளிக் கிழங்கில் செய்வார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் பேராக்கில் நுழைந்த பிறகு தோட்டத்தில் அரிசி வரத்து அற்றுப்போனது. ஆண்களைச் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். மிஞ்சியவர்களைக் காப்பாற்றியது மரவள்ளி. கிழங்கைத் துருவிப் பிழிந்து, தேங்காய்ப்பாலும் கிடைத்த இனிப்பும் கலந்து, வாழை இலை விரித்த சட்டியில் ஊற்றி, மேலும் கீழும் தணல் போட்டுச் சுடுவது. மலாய்க்காரர்களின் பிங்கா உபிதான் அது. போர் முடிந்து அரிசி வந்த பிறகு அந்தக் கிழங்கை ஏறெடுத்தும் பார்க்காதவர்கள் எங்கள் தோட்டத்தில் இருந்தார்கள். பாட்டி விடவில்லை. முட்டையும் நல்ல கூலா மலாக்காவும் சேர்த்து அதை விருந்துப் பண்டமாக்கினார். நான் இன்று அதை விற்கும்போது வயதானவர்கள் ஒரு துண்டு வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுகிறார்கள். அவர்களோடு நின்று பேசாமல் அடுத்த ஆளுக்குக் கட்டிக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

இறுக்கும் பொருள்களில் மூன்றாவது கடற்பாசி. தைப்பூசத்துக்குக் குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடிகள் வரும் வழியில் தண்ணீர்ப் பந்தல்கள் நிற்கும். அங்கே கொடுக்க நான் செய்வது தேங்காய்ப்பால் அகார் அகார்தான். முட்டை இல்லை, பாலாடை இல்லை, ஜெலட்டினும் இல்லை. ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது, பந்தலுக்கு ஆகாது. ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் அகார் பவுடர். நன்றாகக் கொதித்துக் கரைந்த பின்னரே சீனி சேர்க்க வேண்டும். 200 மில்லி கெட்டித் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி ஒரு கொதியில் இறக்குங்கள். அப்படியே ஊற்றி அசைக்காமல் விட்டால் கொழுப்பு மேலே ஏறி வெள்ளையாகவும் அடி தெளிவாகவும் இரண்டு அடுக்காக உறையும். ஒரே நிறமாக வேண்டுமென்றால் கைசூடு வரும்வரை கிளறிவிட்டு ஊற்றுங்கள். 40 டிகிரிக்குக் கீழே போனதும் உறையும். ஒருமுறை உறைந்தால் 85 டிகிரி வரை உருகாது. ஈப்போ வெயிலிலும் தட்டில் உருகாமல் நிற்கும் புட்டிங் இது.

தொழில் செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்குதான் முதலில் வேண்டும். ஆர்டர் சொல்ல வருகிறவரிடம் எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன்னால் எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று கேட்பேன். குளிரூட்டிய மண்டபம் என்றால் முட்டைப் புட்டிங். ஐஸ் பெட்டியில் கொண்டுபோய்ப் பரிமாறும் நேரத்துக்குத்தான் கவிழ்ப்பேன். வீட்டு வாசலில் கூடாரம் என்றால் அகார் அகாரோ சவ்வரிசியோ. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோளமாவுப் புட்டிங், கைதவறி விழுந்தாலும் உடையாது. எவ்வளவு வற்புறுத்தினாலும் வெயிலில் முட்டைப் புட்டிங் வைக்க நான் சம்மதிப்பதில்லை. விருந்துக்கு வந்தவர் வயிறு கெட்டால் அது சமைத்தவளின் பொறுப்பு.

எங்கள் தோட்டம் இப்போது இல்லை. நிலம் கைமாறியது, பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், லயத்தை இடித்தார்கள். ஆளுக்கொரு பக்கமாகச் செம்மோருக்கும் சிலிபினுக்கும் புந்தோங்குக்கும் வந்துவிட்டோம். புந்தோங்கில் எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் கச்சான் பூத்தே தொழிலை ஒரு கம்பத்துக்கே பெயராக்கி வைத்திருந்ததைப் பார்த்தபோதுதான், கைப்பக்குவத்தை வைத்தும் ஊரில் வேர்விடலாம் என்ற தைரியம் எனக்கு வந்தது. முறுக்கும் கடலையும் விற்கும் இடத்தில் புட்டிங்கும் விலைபோகும் என்று நம்பி இறங்கினேன்.

தோட்டம் போனதோடு பல வீடுகளில் சமையலும் போனது எனக்கு வருத்தம். நாட்டின் ரப்பரை யார் வெட்டினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வெட்டுக்குப் போன பெண்கள் மதியத்துக்குமேல் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று எழுதியவர்கள் குறைவு. அந்தப் பெண்கள் ஆவியின் சூட்டை ஒரு விரல் இடைவெளியால் அடக்கத் தெரிந்தவர்கள். ஓட்டலில் பயிற்சி பெற்றவர்கள் வெப்பமானியை வைத்துச் செய்வதைத் தணலைப் பார்த்தே செய்தவர்கள். வெண்ணெய் இல்லாததால் அவர்கள் புட்டிங் குறைந்துபோகவில்லை. எந்தப் பொருள் எந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்ததால், தேவையில்லாததை அவர்கள் சேர்க்கவில்லை. அதைக் கல்வி என்றுதான் நான் சொல்வேன்.

அம்மாவின் அளவுகளை நான் காகிதத்துக்குக் கொண்டுவந்தது அவருடைய கடைசிக் காலத்தில். கேட்டால் "கண்ணளவுதான்மா" என்பார். ஆகவே கேட்பதை விட்டுவிட்டு, அவர் சட்டியில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு கைப்பிடியையும் தராசில் வாங்கிக்கொண்டேன். அவருடைய கைப்பிடிச் சீனி ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே எடைதான். இந்தக் கட்டுரையில் கொடுத்திருக்கும் அளவுகளில் பாதி அப்படி வந்தவை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கை இருக்கும். அம்மாவோ பாட்டியோ அத்தையோ, புட்டிங்கோ கொழுக்கட்டையோ கறிப்பொடியோ எதுவானாலும், அவர்கள் நல்ல உடம்போடு நிற்கும்போதே பக்கத்தில் ஒரு தராசை வைத்துவிடுங்கள். எடையை எழுதுங்கள், தீயின் அளவை எழுதுங்கள், மூடியை எப்போது திறக்கிறார்கள் என்பதை எழுதுங்கள். அடுத்த விசேஷத்துக்கு நீங்களே செய்து அவர்களுக்கு முதல் துண்டு கொடுங்கள். எது குறைகிறது என்று அவர்கள் சொல்வார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.